நெருக்கடியில் ஆட்சியாளரிடம் திட்டம் இருந்ததா? பணம் போதாத நாளில் யாரைக் காக்க வைத்தார்கள் என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: நாடு நெருக்கடியில் விழும்போது தலைவர்களிடம் உண்மையிலேயே ஒரு திட்டம் இருக்கிறதா, அல்லது இருப்பதுபோலப் பாவனை செய்கிறார்களா?

பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் அரசியல்வாதிகளைத் திட்டுவதில்தான் போய் முடியும். அதனால் எண்களும் திகதிகளும் வெளிப்படையாகக் கிடக்கும் ஒரு நெருக்கடியை எடுத்துக்கொள்கிறேன்: இலங்கை, 2019 முடிவிலிருந்து 2023 வரை. திட்டத்தைத் தலைவரின் உரையில் தேடுவது வீண். கையில் பணம் போதாத நாளில் யாருக்குக் கொடுத்தார்கள், யாரைக் காத்திருக்கச் சொன்னார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வரிசையை முன்கூட்டியே எழுதி, வெளியில் சொல்லத் துணிந்தவர்களிடம் திட்டம் இருந்தது. எழுத மறுத்தவர்களிடம் நம்பிக்கை மட்டும் இருந்தது.

2022 ஜனவரியில் இருந்து தொடங்கலாம். 2021 நவம்பர் முடிவில் மத்திய வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு 1.6 பில்லியன் டொலருக்கு இறங்கியிருந்தது. டிசம்பர் முடிவில் 3.1 பில்லியன் என்று அறிவிப்பு வந்தது. ஒரே மாதத்தில் இரட்டிப்பு. ஆனால் கூடிய தொகையின் பெரும்பகுதி சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட நாணய மாற்று ஏற்பாடு (இரு மத்திய வங்கிகள் ஒன்றின் நாணயத்தை மற்றது தவணைக்கு வாங்கி வைப்பது), அதாவது 10 பில்லியன் யுவான். டொலரில் ஏறத்தாழ ஒன்றரை பில்லியன். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. அப்போது இறக்குமதிச் செலவு மாதத்துக்கு 1.7 பில்லியன் டொலர் அளவில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஐந்து பில்லியனாவது வேண்டும். மழை விட்ட பிறகு மட்டும் விரிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்த குடை அது. தங்கத்தில் ஒரு பகுதியையும் அதற்குள் விற்றாகிவிட்டது.

இந்த நிலையில் 2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் சர்வதேச முறி ஒன்று, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளரிடம் வாங்கிய கடன் பத்திரம், முதிர்ந்தது. முழுத் தொகையையும் இலங்கை கட்டியது. 'இலங்கை ஒருபோதும் கடன் தவறியதில்லை' என்பது அப்போது ஒரு மந்திரம். அதே ஜனவரியில் வந்து இறங்கிய ஒரு பெற்றோல் கப்பலுக்கான 53 மில்லியன் டொலர் கட்டப்படவில்லை. இது வெளியில் வந்தது மே மாதத்தில். மார்ச் 28இலிருந்து இன்னொரு பெற்றோல் கப்பல் கொழும்புக் கடலில் நங்கூரமிட்டு நிற்கிறது, பழைய 53 மில்லியனும் இந்தச் சரக்கின் விலையும் கைக்கு வந்தால்தான் இறக்குவோம் என்று நிறுவனம் சொல்கிறது என எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர பாராளுமன்றத்தில் சொன்னார். கரையில் இருப்பவர்கள் வெறுங்கலனோடு வரிசையில் நிற்க, கண்ணுக்கெட்டிய தூரத்தில் பெற்றோல் மிதந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் வேறு.

500 மில்லியனையும் 53 மில்லியனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முறிக்காரருக்கு முதல் இடம், பெற்றோலுக்கு அடுத்த இடம் என்று யாரும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானித்ததாகத் தெரியவில்லை. எதையும் தீர்மானிக்காமல் விட்டதால் தானாக விழுந்த வரிசை அது.

அன்றைய மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ராலின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவரிடம் ஒரு ஆவணம் இருந்தது. 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி அவர் வெளியிட்டது ஆறு மாத வழிவரைபடம். சுற்றுலா திரும்பும், வெளிநாட்டுத் தொழிலாளர் பணம் அனுப்புவார்கள், நட்பு நாடுகள் கடன் தரும், அரச சொத்துகளில் முதலீடு வரும் என்று வரவுகளைக் கணக்கிட்டது. படிக்க ஒழுங்காகத்தான் இருக்கும். வராவிட்டால் என்ன செய்வது என்ற பக்கம் அதில் இல்லை. எந்தக் கொடுப்பனவை முதலில் நிறுத்துவோம், எந்த இறக்குமதியைக் கடைசிவரை காப்போம் என்ற வரி இல்லை. வரவை மட்டும் எழுதிய வீட்டுக் கணக்கு மாதிரி.

அதைவிடப் பெரிய கோளாறு, அந்த வழிவரைபடம் எதிர்பார்த்த வரவைக் கொள்கையே விரட்டியது. டொலரை 200 முதல் 203 ரூபாவுக்குள் மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரரிடம் 2021 முடிவில் 240 ரூபாவுக்கு மேல் கிடைத்தது. டிசம்பரில் வங்கி வழியே அனுப்புகிறவருக்கு டொலருக்குப் பத்து ரூபா ஊக்கத்தொகை கொடுத்தார்கள். கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு 300 டொலர் அனுப்புகிறார் என்று வையுங்கள். வங்கியில், ஊக்கத்தொகையும் சேர்த்து, ஏறத்தாழ 64,000 ரூபா. உண்டியலில் 72,000க்குக் குறையாது. எட்டாயிரம் ரூபா வித்தியாசம் ஒரு குடும்பத்தின் பால்மாவும் பள்ளிக்கூடச் செலவும். நாட்டுப்பற்று பற்றிய அறிவிப்புகளால் அதை ஈடுசெய்ய முடியாது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல் 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. தொழிலாளர்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை. வங்கி வழியே அனுப்புவதைத்தான் குறைத்தார்கள். அந்த டொலர்கள் வெளியிலேயே நின்றுவிட, ரூபா மட்டும் வீட்டு வாசலுக்கு வந்தது.

இந்தப் பள்ளம் எங்கே தோண்டப்பட்டது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ வென்ற கையோடு வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. ஆண்டு விற்பனை 12 மில்லியன் ரூபாவைத் தாண்டினால் வற் என்றிருந்த எல்லை 300 மில்லியனுக்குப் போனது. நாட்டின் உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் அடுத்த ஆண்டே 8 வீதத்துக்கு வந்துவிட்டது. கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது; 2020இல் கடன் தரப்படுத்தல் இறங்கி, சர்வதேசச் சந்தையில் புதுக்கடன் எடுத்துப் பழையதைக் கட்டும் வழி அடைபட்டது. கொரோனாவை யாரும் கணித்திருக்க முடியாது என்பது சரி. வரியை வெட்டியது கொரோனாவுக்கு முன்னால்.

திட்டம் காகிதத்தில் இருந்தும் அதைத் தாங்களே கிழித்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. இரசாயனப் பசளைத் தடை. பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாறுவது என்பது தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்த வாக்குறுதி. பத்து ஆண்டு என்றால் விவாதிக்கலாம். 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் வந்தபோது பத்து ஆண்டு பூச்சியமாகியிருந்தது. டொலர் தட்டுப்பாடு தொடங்கியிருந்தது. பசளை இறக்குமதியை நிறுத்தினால் ஆண்டுக்குச் சில நூறு மில்லியன் டொலர் மிச்சம் என்ற கணக்கு பின்னால் இருந்தது என்பதுதான் என் வாசிப்பு. பசுமைக் கொள்கை என்ற பெயரில் ஓர் இறக்குமதிக் கட்டுப்பாடு.

அந்தக் கணக்கை ஒரு வயலளவில் போட்டுப் பார்த்தாலே போதும். உலர்வலயத்தில் ஒரு ஹெக்டேயர் நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்தது சுமார் 225 கிலோ யூரியா. யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஆக 100 கிலோவுக்குச் சற்று மேல் நைதரசன் தேவை. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்றிலிருந்து இரண்டு வீதம்தான் இருக்கும். ஒன்றரை வீதம் என்று வைத்தால் அதே 100 கிலோவுக்கு ஏறத்தாழ ஏழு தொன் கூட்டெரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். மிச்சம் மெதுவாக உக்கி அடுத்தடுத்த போகங்களில்தான் வரும். பெரும்போகத்தில் ஏழு இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் நெல் விதைக்கிறார்கள். ஐம்பது இலட்சம் தொன் கூட்டெருவை ஆறு மாதத்தில் யார் செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது? இந்தக் கேள்விக்கு அமைச்சு ஒன்றிலும் பதில் இல்லை. சீனாவிலிருந்து சேதனப் பசளை கொண்டுவரப் போனார்கள். மாதிரியில் தீங்கான பக்ரீரியா இருப்பதாகச் சொல்லித் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு அனுமதி மறுத்தது. 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் சரக்கோடு கடலில் சுற்றியது. கடைசியில் ஒரு மூட்டையும் இறங்காமலே ஏறத்தாழ ஏழு மில்லியன் டொலர் கட்டினார்கள். நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பெரும்போக விதைப்பு பெரும்பாலும் முடிந்துபோயிருந்தது. அடுத்த ஜனவரியில் விவசாயிகளுக்கு 40 பில்லியன் ரூபா நட்டஈடு அறிவித்தார்கள்; அரிசியை டொலர் கொடுத்து இறக்கினார்கள். சேமிக்கப் போன டொலர் வேறு வாசலால் வெளியேறியது.

இலக்கு இருந்தது, காலவரையறை இருந்தது, அளவும் வரிசையும் இல்லை. நெருக்கடியில் தலைவர்கள் எடுக்கும் முடிவுகளில் கணிசமானவை இந்த ரகம்தான் என்று எனக்குப் படுகிறது. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். எண்ணைக் கேட்கக்கூடிய ஆள் அந்த அறையில் இருந்தாரா, இருந்தால் பேசவிட்டார்களா என்று கேட்பதுதான் பயனுள்ளது.

இப்போது 2022 மார்ச். முதல் வாரம் மத்திய வங்கி டொலரை 230 வரை விட்டது, பிறகு கயிற்றையே விட்டது. மிதக்க விட்டது சரி. பல பொருளியலாளர்கள் மாதக்கணக்காகக் கேட்டதுதான். ஆனால் வரிசை பிழைத்தது. மார்ச்சில் கொழும்பில் பணவீக்கம் 18.7 வீதம். மத்திய வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி 7.5 வீதம். ரூபாவை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்குப் பதினோரு வீதம் நட்டம் உறுதி என்ற நிலையில் கதவைத் திறந்தால் எல்லாரும் டொலரை நோக்கித்தான் ஓடுவார்கள். வட்டியை முதலில் உயர்த்தி, சர்வதேச நாணய நிதியத்துடன் பேச்சைத் தொடங்கி, கடன் கொடுப்பனவை நிறுத்தி, அதற்குப் பிறகு மிதக்க விட்டிருக்க வேண்டும். செய்தது தலைகீழ். மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தொட்டது.

மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. 31ஆம் திகதி இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டு வாசலில் மக்கள் கூடினார்கள். சில நாட்களில் பிரதமர் தவிர அமைச்சரவை மொத்தமும் விலகியது.

ஏப்ரலில் நந்தலால் வீரசிங்க ஆளுநராக வந்தார். ஏப்ரல் 8ஆம் திகதி வட்டியை ஒரே அடியில் ஏழு புள்ளி உயர்த்தி, கடன் வட்டியை 14.5 வீதமாக்கினார். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பைத்தான் இந்த முழுக் கதையிலும் உண்மையான திட்டத்தின் முதல் தடயமாகக் கருதுகிறேன். ஏனென்றால் அதில் பெயர் சொல்லிப் பட்டியல் இருந்தது. சர்வதேச முறிகளுக்கு இல்லை. நாடுகளிடம் வாங்கிய இருதரப்புக் கடனுக்கு இல்லை. வெளிநாட்டு வணிக வங்கிக் கடனுக்கு இல்லை. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற பல்தரப்பு நிறுவனங்களுக்கு மட்டும் தொடர்ந்து கட்டப்படும். நெருக்கடி நாளில் புதுப்பணம் தரக்கூடியவர்கள் அவர்கள்தான். ஏப்ரல் 18இல் கட்டவேண்டிய 78 மில்லியன் டொலர் வட்டி கட்டப்படவில்லை. முப்பது நாள் சலுகைக்காலம் முடிந்தபோது, சுதந்திர இலங்கை முதன்முறையாகக் கடன் தவறிய நாடானது.

அவமானம் என்று பலர் எழுதினார்கள். கைவசம் உடனே பயன்படுத்தக்கூடிய டொலர் 50 மில்லியனுக்கும் குறைவு என்று நிதியமைச்சர் அலி சப்ரி மே மாதம் சொன்னபோதுதான், ஜனவரி 18இல் கொடுத்த 500 மில்லியனின் பெறுமதி எல்லாருக்கும் உறைத்தது.

டொலரைப் பங்கிட்டால் போதாது, லீற்றரையும் பங்கிட வேண்டியிருந்தது. எரிபொருள் வரிசை நீண்டதற்குத் தட்டுப்பாடு பாதிக் காரணம்தான். அடுத்த பவுசர் எப்போது வரும் என்று தெரியாததால் எல்லாரும் தாங்கியை நிரப்பினார்கள், கலனிலும் பிடித்தார்கள், ஒரு நிலையத்தில் அடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். பதினைந்து லீற்றர் தேவைப்பட்டவர் நாற்பது வாங்கினார். விலையும் அடக்கத்துக்குக் கீழே இருந்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் முடிவில் 470 ஆனது. விலையேற்றம் மட்டும் வரிசையைக் குறைக்கவில்லை, ஏனென்றால் பயம் விலைக்கு மசியாது. ஜூன் முடிவில் இரண்டு வாரத்துக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று நாட்டையே நிறுத்தினார்கள்.

ஜூலை நடுப்பகுதியில் வந்தது தேசிய எரிபொருள் அட்டை. அடையாள அட்டை இலக்கமும் வாகனத்தின் இலக்கமும் செசி இலக்கமும் கொடுத்தால் ஒரு கியூஆர் குறி கிடைக்கும். நிலையத்தில் ஊழியர் கைபேசியால் அதை வருடினால் அந்த வாரத்தில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும். தொடக்க ஒதுக்கீடு வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓகஸ்ட் 1இலிருந்து நாடு முழுவதும் இதுதான் ஒரே வழி. சில வாரங்களில் கிலோமீற்றர்க் கணக்கான வரிசைகள் கரைந்தன. எரிபொருள் தாராளமாக வந்துவிடவில்லை. நாளைக்கும் என் பங்கு இருக்கும் என்ற உறுதி கூடியது. அரசுக்கும் முதன்முறையாக வாரத்துக்கு எத்தனை லீற்றர், ஆக எத்தனை டொலர் தேவை என்ற எண் கையில் வந்தது.

பிசகும் இருந்தது. ஓட்டோ ஒரு லீற்றருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடும் என்றால், ஐந்து லீற்றர் வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு ஒன்றிரண்டு நாளைக்கே காணும். சொந்தத் தேவைக்கு வைத்திருப்பவருக்கும் பிழைப்புக்கு ஓட்டுபவருக்கும் ஒரே அளவு. பிறகு ஓட்டோக்காரர்களைத் தனியாகப் பதிவுசெய்து கூட்டினார்கள். நல்ல பங்கீடு முதல் நாளே சரியாக இருக்கும் என்றில்லை. திருத்த இடம் வைத்திருந்தால் போதும். 2023 செப்டம்பர் 1ஆம் திகதி அட்டையை எடுத்துவிட்டார்கள். தேவையில்லாமல் போனதும் ஒரு ஏற்பாட்டை எடுத்துவிடும் அரசை நம் நாட்டில் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்.

இந்த மாதங்களில் மூச்சுவிட வைத்தது இந்தியா. எரிபொருளுக்கு 500 மில்லியன், அத்தியாவசியப் பொருளுக்கு ஒரு பில்லியன் டொலர் என்று கடன் வசதிகள், நாணய மாற்று, பழைய கொடுப்பனவுகளுக்குத் தவணை எல்லாம் சேர்த்து 2022இல் ஏறத்தாழ நான்கு பில்லியன் டொலர். தமிழ்நாடு சட்டமன்றம் ஏப்ரல் 29இல் தீர்மானம் போட்டு 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்து வகைகள் என்று அனுப்பியது. முதல் கப்பல் மே 18இல் சென்னையிலிருந்து புறப்பட்டது. தோட்டப்புறத்துக்கும் வடக்குக்கும் மட்டும் என்று பிரிக்காமல் எல்லாருக்குமாகக் கொடுத்தது சரியான முடிவு. ஆனால் வெளியார் தருவது கால அவகாசம். அதை என்ன செய்வது என்பது உள்ளூர் வேலை.

ஜூலையில் கோட்டாபய நாட்டைவிட்டுப் போய்ப் பதவி விலக, பாராளுமன்றத்தில் 134 வாக்குகளோடு ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். இவரிடம் திட்டம் இருந்ததா? பொருளாதாரத்தில் இருந்தது. செப்டம்பர் 1இல் நாணய நிதியத்துடன் அலுவலர் மட்ட உடன்பாடு, 2023 மார்ச் 20இல் 2.9 பில்லியன் டொலருக்கு நிதியச் சபையின் ஒப்புதல். அந்த ஆறரை மாதம் கடன் கொடுத்த நாடுகளின் உறுதிமொழிக்காக, குறிப்பாகச் சீனாவின் கடிதத்துக்காகக் காத்திருந்த காலம். இடையில் வரி கூடியது, மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. 2022 செப்டம்பரில் 70 வீதத்தைத் தொட்ட பணவீக்கம் ஓராண்டுக்குள் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது.

அதே அளவுகோலை இவருக்கும் வைப்போம்: யாரைக் காக்க வைத்தார்கள்? 2023 ஜூன் முடிவில், ஹஜ்ஜுப் பெருநாளும் விசேட வங்கி விடுமுறையும் வார இறுதியும் போயாவும் சேர்ந்து ஐந்து நாள் வங்கிகள் மூடியிருந்த வேளையில், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. அரச முறிகளை நீண்டகாலக் குறைந்த வட்டி முறிகளாக மாற்றும் சுமை தனியார் துறை ஊழியரின் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதிகளின் தலையில் விழுந்தது. மாற்றச் சம்மதிக்காவிட்டால் நிதியத்தின் வருமான வரி 14 வீதத்திலிருந்து 30 ஆகும். வங்கிகள் வைத்திருந்த அரச முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே பலவீனமாக இருக்கின்றன, அவை சரிந்தால் வைப்பாளர்கள் தெருவுக்கு வருவார்கள் என்று காரணம் சொன்னார்கள். காரணம் பொய்யில்லை. ஆனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் வங்கி வாசலில் வரிசை கட்டி நிதியத்தைக் கவிழ்க்க முடியாது என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. உள்ளூராட்சித் தேர்தலையும் பணமில்லை என்று நிறுத்தினார்கள்; அதில் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. திட்டம் இருப்பதும் திட்டம் நியாயமாக இருப்பதும் ஒன்றில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

'எல்லாம் வெளியிலிருந்து வந்த அதிர்ச்சி, யார் இருந்தாலும் இதே கதிதான்' என்று சொல்பவர்களுக்கு இந்தியாவின் 1991 நல்ல ஒப்பீடு. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது, டெல்லியில் ஆட்சிகள் கவிழ்ந்தன, மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார், கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டும். ஜூன் 21இல் பதவியேற்ற நரசிம்மராவுக்குப் பெரும்பான்மையும் இல்லை. ஆனால் மேசை இழுப்பறையில் காகிதம் இருந்தது. 1990இலேயே மாண்டேக் சிங் அலுவாலியா எழுதிய சீர்திருத்தக் குறிப்பு அதிகாரிகளிடையே 'எம் ஆவணம்' என்ற பெயரில் சுற்றியிருந்தது. இறக்குமதிக்கு 200 வீதம் வரை ரொக்க வைப்பு கேட்டு டொலரை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். இடைக்கால அரசாக இருந்த சந்திரசேகர் ஆட்சியே 20 தொன் தங்கத்தை அனுப்பியிருந்தது. ஜூலையில் வெங்கிட்டரமணன் ஆளுநராக இருந்த ரிசர்வ் வங்கி மேலும் 46.91 தொன்னை வெளிநாட்டில் அடகு வைத்து 405 மில்லியன் டொலர் திரட்டியது.

ஜூலை 1இல் ரூபாயின் மதிப்பு முதல்முறை குறைக்கப்பட்டது. சந்தையின் மூச்சைப் பார்த்துவிட்டு 3ஆம் திகதி இரண்டாவது முறை. இடையில் ராவ் தயங்கி, இரண்டாவதை நிறுத்தச் சொன்னார். நிதியமைச்சர் மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் ரங்கராஜனை அழைத்தபோது காரியம் முடிந்திருந்தது. 4ஆம் திகதி, ப.சிதம்பரம் வர்த்தக அமைச்சராக இருந்த அமைச்சிலிருந்து ஏற்றுமதி மானியத்தை எடுத்த அறிவிப்பு. 24ஆம் திகதி தொழிற்கொள்கையும் வரவுசெலவுத் திட்டமும் ஒரே நாளில். உர விலையை 40 வீதம் ஏற்றுவதாகச் சொன்னதற்குச் சொந்தக் கட்சியே கொதித்ததும் 30 ஆக்கி, சிறு விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. தலைவர் தடுமாறினார், வரிசை தடுமாறவில்லை. நெருக்கடி நாளில் தலைவரின் மூளையிலிருந்து திட்டம் பிறப்பது மிக அரிது. அதிகாரிகள் ஓராண்டு முன்பே எழுதி வைத்ததை எடுத்துக் கையெழுத்திட்டு, அதற்கான ஏச்சைத் தான் வாங்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் தலைவரின் பங்கு. இலங்கையிலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைத் தேசத்துரோகம்போலப் பார்த்தார்கள்.

2023 நவம்பர் 14ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஒரு தீர்ப்புச் சொன்னது: கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷக்களும் கப்ரால், அவருக்கு முன்பிருந்த ஆளுநர் லக்ஷ்மன், மூத்த நிதி அதிகாரிகள் ஆகியோரும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று. வரிவெட்டு, 203இல் பிடித்த டொலர், நாணய நிதியத்திடம் போகத் தாமதித்தது, ஜனவரி 18 கொடுப்பனவு எல்லாம் அந்த வழக்கில் கேள்விக்குள்ளானவை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கொடுக்கச் சொன்னது. தண்டனை ஒன்றும் இல்லை.

அடுத்த நெருக்கடி வருமுன் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் தலைவர்களின் முகத்தைப் படிக்கத் தேவையில்லை. மாதத் தொடக்கத்தில் மத்திய வங்கி வெளியிடும் கையிருப்பு எண்ணை எடுங்கள். அந்தத் தொகையில் சீன நாணய மாற்று எவ்வளவு, அதைப் பயன்படுத்த நிபந்தனை உண்டா என்று அடிக்குறிப்பில் பாருங்கள். அதைக் கழியுங்கள். மிச்சத்தை அந்த மாத இறக்குமதிச் செலவால் வகுங்கள். மூன்றுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும்போது அமைச்சர் ஒருவர் வரவுகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால், 'இதில் ஏதாவது வராவிட்டால் முதலில் யாருக்கு நிறுத்துவீர்கள்?' என்று யாராவது கேட்கிறார்களா, அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். 2021 ஒக்டோபரில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை.